பழவேற்காட்டின் கோட்டையும் குப்பமும்

நூலையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் சங்க அங்கத்தினர்களுக்கு, மீனையும் இறாலையும் நம்பி வாழும் ஒரு கடலோரச் சிற்றூரின் வரலாற்றால் ஆவது என்ன என்று சிலர் கேட்கக்கூடும். உசிலம்பட்டியிலிருந்து பார்த்தால் பழவேற்காடு வெகு தொலைவு. சென்னைக்கும் வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, உப்பேரியின் தென்கோடியில் கிடக்கும் ஊர் அது. ஆயினும் மலாய் நாட்டில் ஆண்கள் இன்றும் இடையில் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடே. நெசவாளியின் கைத்திறன் ஓர் ஊரின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்று நானூறு ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த ஊரை ஆண்டவர்கள் யார், எப்படி ஆண்டார்கள், ஆண்டவர்கள் போனபின் எஞ்சியது என்ன என்று அறிவது தறிக்காரருக்கும் ஏர்க்காரருக்கும் பயனில்லாத செய்தி அன்று.

பழவேற்காடு ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் வந்த பின் தோன்றிய ஊர் அன்று. விசயநகர ஆட்சியிலேயே அது பெயர்பெற்ற துறைமுகம். அங்கிருந்து துணி மூட்டைகள் மலாக்காவுக்குச் சென்றன. முஸ்லிம் வணிகரும் செட்டி வணிகரும் அங்கே நிலைத்து வாழ்ந்தனர். பின்னர் போர்ச்சுகீசியர் வந்து ஒரு தேவாலயம் கட்டிக் குடியேறினர். இவர்களுக்குப் பின்னரே 1610-ஆம் ஆண்டில், விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்று ஒல்லாந்தர் தம் பண்டகசாலையை அங்கே அமைத்தனர். 1612-இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே அங்கு ஒரு கோட்டை எழுந்தது. ஒல்லாந்து நாட்டின் கெல்டர்லாந்து மாநிலத்தை நினைவூட்டும் வகையில் அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டனர். சோழ மண்டலக் கடற்கரை முழுவதிலும் இருந்த ஒல்லாந்தரின் வணிக நிலையங்களுக்கு 1690 வரை அக்கோட்டையே தலைமையிடம்.

ஒல்லாந்தருக்கு வேண்டியது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். அவற்றுள் கிராம்பும் சாதிக்காயும் விளைந்தவை கிழக்கே தொலைவிலுள்ள மொலுக்காத் தீவுகளிலும் பாண்டாத் தீவுகளிலும். அத்தீவுகளின் மக்கள் ஐரோப்பியச் சரக்கை விரும்பவில்லை. அவர்கள் கேட்டது நம் கடற்கரைத் துணி. ஆகவே கிராம்பு வாங்க வேண்டுமானால் முதலில் இங்கே துணி வாங்கியாக வேண்டும். சோழ மண்டலக் கடற்கரையை மொலுக்காத் தீவுகளின் இடக்கை என்றே அக்காலத்து ஒல்லாந்து அதிகாரி ஒருவர் வர்ணித்தார். நெசவாளி பாவு ஓட்டித் தறியில் ஏற்றினால்தான் ஆம்ஸ்டர்டாமில் கிராம்பு விற்கும். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஒரு பேரரசின் வாணிகத்தைத் தாங்கி நின்றன.

அத்தகைய முக்கியம் பெற்ற நெசவாளிக்கு அந்த ஊர் ஆட்சியில் என்ன இடம் கிடைத்தது?

கோட்டைக்குள் கவர்னரும் அவரது ஆலோசனைக் குழுவும் இருந்தனர். நாணயச் சாலை இருந்தது. வெடிமருந்து தயாரிக்கும் வேலையும் நடந்தது. 1619 முதல் இவர்கள் எல்லோரும் சாவாத் தீவிலுள்ள பத்தேவியாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். பத்தேவியா ஒல்லாந்து நாட்டிலிருந்த பதினேழு இயக்குநர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் என்ன துணி, எத்தனை கட்டு, என்ன விலை என்பதை, பழவேற்காட்டு மண்ணை மிதித்தறியாதவர்கள் தீர்மானித்தனர். நெசவாளியை அவர்கள் நேரில் கண்டதும் அரிது. இடையில் செட்டி வணிகர்கள் நின்றனர். கம்பெனி வணிகருக்கு முன்பணம் தரும், வணிகர் நெசவாளிக்கு முன்பணம் தருவார், துணி அதே வழியில் திரும்பிச் செல்லும். மலையா என்று கம்பெனி ஏடுகளில் குறிக்கப்படும் அச்சுதப்ப செட்டியும் அவர் தம்பி சின்னண்ண செட்டியும் இப்படி வளர்ந்து, தம் சொந்தக் கப்பல்களை ஓட்டும் அளவுக்கு உயர்ந்தவர்கள். பின்னர், 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியதும், கம்பெனி உள்ளூர் வணிகர் பலரை ஒன்று சேர்த்துப் பங்குத் தொகை போடச் செய்து, கூட்டாகத் துணி கொள்முதல் செய்யும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. கேட்பதற்கு நம் சங்கம் போலவே இருக்கும். ஆனால் அந்தக் கூட்டில் பணம் போட்டவருக்குப் பங்கு உண்டு, துணி நெய்தவருக்கு இல்லை.

நெசவாளியிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறு வணிகரிடம் போகலாம். கொடுமை மிகுந்தால் தறியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்கே போகலாம். அவ்வாறு போனவர்கள் உண்டு. ஆனால் ஊரை விட்டுப் போகும் உரிமையும் ஊரை ஆளும் உரிமையும் ஒன்றல்ல. கடனும் பஞ்சமும் சூழ்ந்த நாளில் போகும் உரிமையும் பெயரளவாகவே நிற்கும். அதனினும் கொடியது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து, பஞ்ச காலங்களில் மிகுதியாக, ஆயிரக்கணக்கான நம் மக்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். துணிக் கட்டும் மனிதரும் ஒரே கம்பெனியின் கணக்கேட்டில் ஏறினர்.

கணக்கேடு என்றோம். இந்தக் கம்பெனியின் கணக்கு விஷயம் நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது. ஒல்லாந்தரின் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கப்பட்டது. சுமார் 64 லட்சம் கில்டர் மூலதனம் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் பிரிவில் மட்டும் 1,143 பேர் பணம் போட்டனர். அவர்களில் பெரும் வணிகரும் இருந்தனர், சிறுகச் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டுவந்த வேலைக்காரப் பெண்களும் இருந்தனர். பத்து ஆண்டுகள் கழித்துக் கணக்கு முடித்துக் காட்டுவோம் என்று சாசனத்தில் எழுதியிருந்தது. 1612 வந்தது. கணக்கு வரவில்லை. 1622-இல் பங்குதாரர்கள் பொறுமையிழந்து துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டுக் கூக்குரலிட்டனர். 1623-இல் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது சில்லறைச் சலுகைகள் கிடைத்தன. அதிகாரம் இயக்குநர் கையிலேயே நின்றது. பங்குதாரருக்கே கணக்குக் காட்டாத நிறுவனம் பழவேற்காட்டு நெசவாளிக்கா காட்டப்போகிறது? இறுதியில் ஊழலும் கடனும் போர்ச் செலவும் சேர்ந்து அதைச் சாய்த்தன. 1796-இல் ஒல்லாந்து அரசு அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. 1799-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அதன் சாசனம் முடிந்தது. ஊழலால் அழிந்தது என்று பொருள்படும்படி, அதன் பெயரின் முதலெழுத்துகளுக்குப் பிற்காலத்தார் கேலியாக விரிவு சொல்வதும் உண்டு.

பழவேற்காட்டுக் கோட்டையின் கதையும் அப்படியே. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பழவேற்காடும் ஆங்கிலேயரிடம் போய், திரும்பி வந்து, 1795-இல் மறுபடி போயிற்று. 1818-இல் மீண்டும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1824-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி 1825-இல் முடிவாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தனை கைமாற்றத்திலும் ஊராரை ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை. ஐரோப்பாவில் மேசையின் மேல் கையெழுத்து விழும், இங்கே கொடி மாறும். இன்று அங்கே செல்பவர் காண்பது புதர் மண்டிய இடிபாடும், தொல்லியல் துறை காத்துவரும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமுமே. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டு நிற்கின்றன.

இதில் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இதே ஒல்லாந்தர் தம் சொந்த நாட்டில் தல சுயாட்சிக்குப் பெயர்போனவர்கள். அவர்கள் நாட்டின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. கரை உடைந்தால் வயலும் வீடும் முழுகும். ஆகவே 13-ஆம் நூற்றாண்டு முதலே நிலமுடையோர் ஒன்றுகூடிக் கரையையும் வடிகாலையும் பராமரிக்க நீர்ச் சபைகள் அமைத்தனர். யாருக்குப் பயனோ அவர் வரி செலுத்த வேண்டும், வரி செலுத்துபவருக்குச் சபையில் சொல் உண்டு என்பது அவற்றின் அடிப்படை. நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்காகப் பெருகியிருந்த அச்சபைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு 21 ஆகச் சுருங்கின. இன்றும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது. வீட்டில் இந்த நெறியை அறிந்தவர்கள் கடல் கடந்து வந்ததும் அதை மறந்தார்கள். நல்ல நெறி ஒரு நாட்டாரின் இரத்தத்தில் ஊறியது அன்று. கேட்பவர் இருக்கும் இடத்தில் அது நிற்கும், கேட்பார் இல்லாத இடத்தில் மறையும் என்பதையே இது காட்டுகிறது.

கோட்டை போயிற்று. அதன் நிழலில் இருந்த குப்பம் போகவில்லை. கோட்டைக்குப்பம் என்ற பெயரிலேயே அது இன்றும் நிற்கிறது. அங்கும் அருகிலுள்ள நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவற்றிலும் வாழும் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சிலவே. அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலையிட்டால் யாருக்கும் கிடையாது. வலியவன் முந்தினால் எளியவன் பட்டினி. ஆகையால் எந்தப் பாட்டில் எந்த நாளில் யார் வலையிடுவது என்று குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்கின்றனர். இன்று நல்ல பாடு பெற்றவர் அடுத்த முறை சுமாரான பாட்டை ஏற்க வேண்டும். பணக்காரனுக்கு ஒரு சீட்டு, ஏழைக்கு ஒரு சீட்டு. முறை தவறியவரைக் குப்பமே விசாரிக்கும். பீரங்கியும் இல்லை, நாணயச் சாலையும் இல்லை. ஆயினும் வெளியாள் ஆணையிடாமல் தம் வாழ்வாதாரத்தைத் தாமே பங்கிட்டுக்கொள்ளும் ஆட்சி அது.

இத்துடன் நிறுத்தினால் இனிய கதையாக முடியும். ஆனால் உண்மை இன்னும் ஒரு படி உண்டு. பாட்டில் சீட்டு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட மீனவச் சமூகத்தில், குறிப்பிட்ட குப்பங்களில் பிறந்த ஆடவருக்கே அது உரிமை. ஏரியையே நம்பியிருந்த தாழ்த்தப்பட்ட மக்களும், ஆழமில்லா நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளரும், பெண்டிரும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர். இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பின் வெளியே நின்றவர்களும் பங்கு கேட்டனர். பூசல்கள் எழுந்தன. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயத் தராசாக விளங்கிய முறை வெளியே இருப்பவர்களுக்கு மூடிய கதவாகத் தெரிந்தது.

ஏரிக்கு மற்றொரு வேலியும் உண்டு. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லைகள் மேலும் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் சென்றன. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். மீனுக்கு எல்லை தெரியாது. வலைக்காரருக்கு எல்லை தெரிந்தே ஆக வேண்டியிருக்கிறது. எல்லை தாண்டி வலையிட்டதாகச் சச்சரவுகள் எழுந்து அதிகாரிகள் முன்னிலையில் பேச்சு நடந்ததும் உண்டு.

இப்படிப்பட்ட எல்லைச் சிக்கலுக்கும் அந்த ஒல்லாந்து நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பெல்சிய எல்லையில் பார்லே என்றொரு சிற்றூர். 1198-ஆம் ஆண்டில் பிரபுக்கள் இருவர் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டதன் விளைவாக, ஒல்லாந்து மண்ணுக்கு நடுவே பெல்சியத்தைச் சேர்ந்த 22 துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கோடு வீடுகளுக்கு உள்ளேயே ஓடுகிறது. 1995-இல்தான் எல்லை முற்றாக வரையறுக்கப்பட்டது. ஒரே ஊருக்கு இரண்டு நகர மன்றங்கள், இரண்டு தலைவர்கள். வீடு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை வாசற்கதவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்தார்கள். பொதுக் காரியங்களை இரு மன்றங்களும் கூடிப் பேசி நடத்துகின்றன. வாசற்கதவு எங்கே என்று பார்த்துத் தீர்க்கும் அளவுக்கு எளிமையான மனம் இருந்தால், எண்ணூறு ஆண்டுச் சிக்கலும் சண்டையின்றி அடங்கும். ஏரியின் இரு கரையாரும் அவ்வாறு ஒரு மேசையில் நிரந்தரமாக அமரும் நாள் வர வேண்டும்.

இனி நம் உசிலம்பட்டிக்கு வருவோம். பழவேற்காட்டின் இரு பாடங்களும் நம் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

கேளாமல் ஆளப்படுவது எத்தகையது என்பதை நம் வட்டாரம் நன்கறியும். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் சமூகத்தாரின் கைரேகையைப் பதிவு செய்ய ஆங்கில ஆட்சி முற்பட்டபோது, பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். அதன்பின் கள்ளர் சீர்திருத்தம் என்ற பெயரில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சர்க்காரால் தொடங்கப்பட்டன. அவற்றால் நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலிருந்து வந்த சங்கத்தைத் தன் சங்கம் என்று மக்கள் கருதுவதற்கு வெகு காலம் பிடிக்கும். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது.

மூடிய கதவு எத்தகையது என்பதையும் நம் வட்டாரம் அறியும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996-இல் தேர்தல் வந்தபோது, பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளில்லை, அல்லது வென்றவர் உடனே விலகினார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் நிலைத்தனர். 2021 அக்டோபர் 2-ஆம் நாள் பாப்பாப்பட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். கேளாமல் ஆளப்பட்ட வலியை 1920-இல் அனுபவித்த வட்டாரம், பக்கத்துத் தெருக்காரரை ஆட்சிக்கு வெளியே பத்தாண்டு நிறுத்தி வைத்தது. இதைச் சொல்வது யாரையும் புண்படுத்துவதற்காக அன்று. புண்ணை மூடி வைத்தால் ஆறாது என்பதற்காகவே சொல்கிறோம். அந்தப் பத்தாண்டில் நஷ்டம் ஒரு சாராருக்கு மட்டுமா? தலைவர் இல்லாத ஊராட்சியில் குடிநீருக்கும் சாலைக்கும் விளக்குக்கும் எழுதிக் கேட்பவர் யார்? கதவைச் சாத்தியவரும் இருட்டிலேயே இருந்தார்.

ஆக, நல்லாட்சிக்கு வேண்டியவை இரண்டு என்று நாம் கருதுகிறோம். ஒன்று கணக்கு, மற்றொன்று கதவு. கோட்டைக்குள் கணக்கு இருந்தது, ஊராருக்குக் காட்டப்படவில்லை. குப்பத்தில் பங்கீடு எல்லோரும் பார்க்க நடந்தது, ஆனால் கதவு சிலருக்கே திறந்தது. கணக்கும் கதவும் ஒருங்கே திறந்திருக்கும் ஆட்சியே மக்கள் ஆட்சி. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு கடை திறந்தபோது இதைத்தான் நாடினர். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு, எவரும் சேரலாம், கணக்கு அங்கத்தினர் முன் வைக்கப்பட வேண்டும் என்பன அவர்கள் வழிவந்த நெறிகள். பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில்தான் 1904-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் கடன் சங்கம் பதிவாயிற்று. கம்பெனியின் கோட்டை இடிந்து கிடக்கும் மாவட்டத்திலேயே சங்கத்தின் வித்தும் விழுந்தது நல்ல சகுனம்.

ஆனால் வித்து விழுந்தால் போதாது. கூட்டுறவு என்ற பெயர்ப் பலகையின் கீழும் கம்பெனி ஆட்சி நடக்கலாம். சங்கத்தின் கணக்கு செயலாளருக்கும் இரண்டொரு நிர்வாகிகளுக்கும் மட்டுமே தெரிந்திருந்தால், அது கெல்ட்ரியாக் கோட்டையே. பேரேட்டில் அங்கத்தினர் பெயர்கள் இருந்து, தறிகளெல்லாம் ஒரே முதலாளியின் கொட்டகையில் ஓடினால், அது முன்பண முறையே. பட்டா இல்லாத குத்தகைக்காரரும், சொந்தத் தறி இல்லாத கூலி நெசவாளியும், வீட்டில் தார் சுற்றும் பெண்ணும் அங்கத்தினராக முடியாவிட்டால், அது மூடிய பாடே.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். "கதவை அகலத் திறந்தால் கடனை அடைக்காதவர்களும் உள்ளே வருவார்கள், கணக்கை எல்லோருக்கும் விரித்தால் வீண் சச்சரவு வளரும், தனி அலுவலர் ஒருவர் இருந்தால் காரியம் விரைவாக முடியும்" என்று அனுபவசாலிகள் சிலர் சொல்கின்றனர். விரைவு முடியும் என்பது உண்மையே. கோட்டைக் கவர்னரின் காரியமும் விரைவாகவே முடிந்தது. ஆனால் தனி அலுவலர் மாறிச் செல்பவர். சங்கத்தின் நஷ்டம் அவரோடு மாறிச் செல்வதில்லை. நம் மாநிலத்தின் கூட்டுறவுச் சங்கங்கள் பல ஆண்டுகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தபின் 2013-இல் தேர்தல் கண்டன. ஊராட்சிகளும் 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பரில் தேர்தல் நடக்கும் வரை அதே நிலையில் இருந்தன. அக்காலத்தில் நம் குறையை யாரிடம் சொல்வது என்று அலைந்ததை நாம் மறந்துவிடலாகாது. சச்சரவைப் பொறுத்தவரை, பொதுக்குழுவில் எழும் சச்சரவு சங்கத்தைக் கொல்வதில்லை. பொதுக்குழுவில் எழாத சச்சரவே கொல்லும். கடன் அடைக்காதவரைத் தடுக்க விதி உண்டு. விதியைக் கொண்டு தடுக்கலாம், பிறப்பைக் கொண்டோ தெருவைக் கொண்டோ தடுக்கலாகாது.

நடைமுறையில் செய்யத் தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன் வரவு செலவுக் கணக்கை எளிய தமிழில் எழுதிச் சங்கக் கட்டடத்தின் வெளிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுத்தறியாதவர்களுக்காகக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். நூலோ உரமோ கடனோ குறைவாக வரும் காலத்தில், வேண்டியவர் வேண்டாதவர் பாராமல், பழவேற்காட்டுக் குப்பத்தார் செய்வது போல எல்லோர் முன்னிலையிலும் சீட்டுப் போட்டு முறை வகுக்கலாம். அங்கத்தினர் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துவைத்து, தொழில் செய்தும் அங்கத்தினராகாதவர் யார் என்று தெருத் தெருவாக விசாரித்துச் சேர்க்க வேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் சங்க அங்கத்தினர் தவறாமல் சென்று, ஊராட்சியின் கணக்கையும் அதே உரிமையோடு கேட்க வேண்டும். சங்கத்தில் கேள்வி கேட்டுப் பழகியவரே ஊராட்சியிலும் கேட்பார்.

பழவேற்காட்டுக் கைலி பெயரளவில் உலகில் வாழ்கிறது. ஆனால் அவ்வூரின் முதன்மையான தொழில் இன்று மீன்பிடிப்பே. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போதெல்லாம் மீனவர்கள் அரசின் கதவைத் தட்டுகின்றனர். முஸ்லிம் பெண்கள் பனை ஓலையால் பெட்டிகளும் தட்டுகளும் முடைகின்றனர். துணியைக் கடல் கடந்து அனுப்பிய நெசவாளிகளின் பெயர்களை எந்தக் கல்லும் சொல்லவில்லை. கல்லறைக் கற்களில் பொறித்திருப்பவை ஒல்லாந்தர் பெயர்கள். நெய்தவர் பெயர் எங்கே எழுதப்பட வேண்டும் என்று கேட்டால், அங்கத்தினர் பேரேட்டில், பொதுக்குழுத் தீர்மானத்தில், ஊராட்சி வாக்காளர் பட்டியலில் என்றே சொல்வோம். அங்கே எழுதப்பட்ட பெயரை அழிப்பது எளிதன்று. அடுத்த பொதுக்குழு அறிவிப்பு வீடு தேடி வரும்போது, அதை ஓரமாக வைத்துவிடாமல், கேட்க வேண்டிய ஒரு கேள்வியையாவது எழுதிக்கொண்டு அங்கத்தினர் ஒவ்வொருவரும் வந்து சேருமாறு வேண்டிக்கொள்கிறோம்.